குளோரின்: ஒரு பெயரின் வரலாறு



தமிழ் இலக்கணத்தில் பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் இரு வகையாகப் பிரித்துப் படிக்கின்றோம். மரம், மண், கல் என்பன இடுகுறிப்பெயர்கள். நம் முன்னோர் அப்பொருள்களுக்கு அப்பெயர்களை இட்டு வழங்கினர். நாமும் அவ்வாறே வழங்கி வருகின்றோம். பறப்பதனால் பறவை என்றும், வளைந்திருப்பதனால் வளையல் என்றும், மூன்று கால்களை உடைமையால் முக்காலி என்றும் கூறுகின்றோம். இவை காரணப்பெயர்கள். பெயரைக் கேட்ட அளவிலேயே பொருளின் தன்மை ஓரளவு விளங்கிவிடுகிறது.

அறிவியல் பாடத்தில் நாம் காணும் பெயர்கள் பெரும்பாலும் பிறமொழிப் பெயர்கள். ஆக்சிஜன், அயோடின், குளோரின் என்று அவற்றை ஒப்பித்து மனத்தில் இருத்திக்கொள்கின்றோம். பொருள் அறியாமையால் அவை யாவும் இடுகுறிப்பெயர்கள் போலவே நமக்குத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றுள் மிகப்பல காரணப்பெயர்களே ஆகும். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு உண்டு.

அவற்றுள் குளோரின் என்னும் பெயரை இங்கு ஆராய்வோம். இப்பெயரை எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. இப்பொருளுக்கு முதலில் இட்ட பெயர்கள் தவறானவை. அத்தவறு அறிஞர்களை முப்பத்தாறு ஆண்டுகள் அலைக்கழித்தது. பெயர் சூட்டுவது எளிய செயல் என்று எண்ணுவோருக்கு இவ்வரலாறு நல்லதொரு பாடமாகும்.

நாம் அறிந்த குளோரின்

குளோரின் நமக்குப் புதியது அன்று. குழாய் நீரைச் சில வேளைகளில் முகர்ந்து பார்த்தால் மெல்லிய மருந்து மணம் ஒன்று தோன்றும். நீச்சல் குளத்தருகே சென்றால் அத்தகைய மணம் இன்னும் மிகுதியாக வீசும். வெள்ளைத் துணியில் படிந்த கறையைப் போக்க நம் அன்னையர் ஊற்றும் வெளுப்பு நீரிலும் அம்மணம் உண்டு. இம்மூன்றிலும் குளோரினோ குளோரின் சேர்ந்த பொருளோ அமைந்திருக்கிறது.

அடுக்களையில் உள்ள உப்பிலும் குளோரின் உண்டு. சோடியம் என்னும் உலோகமும் குளோரினும் கூடி உண்டானதே நாம் உண்ணும் உப்பு. கடல்நீர் கரிப்பதற்கும் இவ்வுப்பே காரணம். உலகத்துக் கடல்கள் யாவற்றிலும் குளோரின் இவ்வாறு மறைந்து கிடக்கிறது.

வேறு பொருளாகப் பிரிக்க இயலாத அடிப்படைப் பொருளைத் தனிமம் என்கின்றோம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள் கூடி அமைந்ததைக் கூட்டுப்பொருள் என்கின்றோம். உப்பு ஒரு கூட்டுப்பொருள். குளோரின் ஒரு தனிமம். தனிமங்களின் வரிசையில் அதன் எண் 17. சாதாரண வெப்பநிலையில் அது வாயு வடிவில் இருக்கும். காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமுடையது. மிகுந்த குளிர்ச்சியில், அதாவது சுழிக்குக் கீழே 34 பாகை செல்சியசில், நீர்மமாக மாறும். பிற பொருள்களோடு விரைந்து கூடும் இயல்புடையதாகையால் இயற்கையில் அது பெரும்பாலும் தனித்துக் காணப்படுவதில்லை. ஆதலின் மனிதர் அதனை நேரில் காண நெடுங்காலம் ஆயிற்று.

ஷீலே கண்ட புதிய வாயு

சுவீடன் நாட்டில் கார்ல் வில்லெம் ஷீலே என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் 1742ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் மருந்துக் கடையொன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து, மருந்து செய்வோராகவே வாழ்நாளைக் கழித்தவர். பகலில் மருந்து கலப்பதும், ஓய்ந்த நேரங்களில் பொருள்களை ஆராய்வதும் அவரது வழக்கம்.

1774ஆம் ஆண்டில் அவர் மாங்கனீசு கலந்த கருநிறக் கனிமம் ஒன்றை ஆராய்ந்தார். உப்பிலிருந்து எடுக்கப்பட்ட அமிலத்தை அக்கனிமத்தின்மீது ஊற்றிச் சூடேற்றினார். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு வாயு எழுந்தது. அதன் நெடி மூச்சைத் திணறச் செய்தது. அவ்வாயு பட்ட இலைகளும் மலர்களும் தம் நிறத்தை இழந்து வெளுத்தன. உலோகங்களையும் அது தாக்கியது. இத்தன்மைகள் யாவற்றையும் ஷீலே செவ்வனே கண்டு எழுதி வைத்தார். குளோரினை முதன்முதல் பிரித்தெடுத்து அதன் பண்புகளை விளக்கிய பெருமை அவரையே சாரும்.

ஆயினும், தாம் கண்டது ஒரு புதிய தனிமம் என்பதை அவர் உணரவில்லை. அதற்கு அவர் சூட்டிய பெயரிலேயே அது விளங்குகிறது.

முதற்பெயர்

அக்காலத்து அறிஞர்கள் நெருப்பைப் பற்றி ஒரு கருத்துக் கொண்டிருந்தனர். எரியக்கூடிய பொருள் ஒவ்வொன்றினுள்ளும் 'புளோஜிஸ்டன்' என்னும் நுண்பொருள் அடங்கியிருக்கிறது. பொருள் எரியும்போது அது வெளியேறுகிறது என்பதே அக்கருத்து. புளோஜிஸ்டனை எவரும் கண்டதில்லை. எனினும் எதனை விளக்க வேண்டினும் அதனைக் கொண்டே விளக்கினர்.

ஷீலே பயன்படுத்திய அமிலத்திற்கு அந்நாளில் 'மியூரியாட்டிக் அமிலம்' என்று பெயர். இலத்தீன் மொழியில் 'மியூரியா' என்றால் உப்புநீர். உப்பிலிருந்து பெற்றதனால் இப்பெயர் வந்தது. கருநிறக் கனிமம் இவ்வமிலத்திலிருந்து புளோஜிஸ்டனைக் கவர்ந்துகொண்டது என்று ஷீலே கருதினார். ஆதலின் புதிய வாயுவை 'புளோஜிஸ்டன் நீங்கிய மியூரியாட்டிக் அமிலம்' என்று அழைத்தார்.

இப்பெயரில் ஷீலே தம் கண்ணால் கண்டது ஒன்றேனும் இல்லை. நிறம் இல்லை, நெடி இல்லை, வெளுக்கும் தன்மையும் இல்லை. அவர் நம்பிய ஒரு கருத்து மட்டுமே உள்ளது. அக்கருத்து வீழ்ந்தால் பெயரும் வீழ வேண்டியதுதான். அவ்வாறே நடந்தது.

இரண்டாம் பெயர்

பிரான்சு நாட்டு அறிஞர் லவாய்சியர் புளோஜிஸ்டன் என்று ஒன்று இல்லை என மெய்ப்பித்தார். பொருள் எரியும்போது காற்றிலுள்ள ஒரு வாயுவோடு கூடுகிறது என்பதை அவர் நிறுத்து அளந்து காட்டினார். அவ்வாயுவிற்கு 'ஆக்சிஜன்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'ஆக்சிஸ்' என்பது கூர்மையையும் புளிப்பையும் குறிக்கும். 'ஜென்' என்பது தோற்றுவித்தலைக் குறிக்கும். எனவே ஆக்சிஜன் என்பதற்குப் 'புளிப்பை உண்டாக்குவது', அதாவது 'அமிலத்தைத் தோற்றுவிப்பது' என்பது பொருள்.

கந்தகத்தை எரித்து நீரில் கரைத்தால் அமிலம் உண்டாகிறது. பாஸ்பரசும் அவ்வாறே. அவ்வமிலங்களில் ஆக்சிஜன் இருப்பதை லவாய்சியர் கண்டார். அதனால் எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று முடிவு செய்தார். சிலவற்றில் கண்டதை எல்லாவற்றிற்கும் உரியதாக்கியதே அவர் செய்த பிழை.

அவரோடு சேர்ந்து உழைத்த பெர்த்தொலே என்பவர் 1785ஆம் ஆண்டில் ஷீலேயின் வாயுவை ஆராய்ந்தார். அவ்வாயுவை நீரில் கரைத்து வெயிலில் வைத்தார். நீரிலிருந்து குமிழிகள் எழுந்தன. அவை ஆக்சிஜன் குமிழிகள். எஞ்சிய நீரில் மியூரியாட்டிக் அமிலம் இருந்தது. ஆகவே, இவ்வாயு மியூரியாட்டிக் அமிலமும் ஆக்சிஜனும் கூடிய கூட்டுப்பொருளே என்று அவர் உறுதி கூறினார். இக்கருத்தின்படி அவ்வாயு 'ஆக்சிமியூரியாட்டிக் அமிலம்' என்று வழங்கலாயிற்று.

பெர்த்தொலே கண்ட காட்சி உண்மையானது. குமிழிகள் வந்ததும் உண்மை. அவை ஆக்சிஜனாக இருந்ததும் உண்மை. ஆனால் அந்த ஆக்சிஜன் வாயுவிலிருந்து வரவில்லை; நீரிலிருந்தே வந்தது. நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடியது. வாயு நீரிலுள்ள ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்ள, தனித்துவிடப்பட்ட ஆக்சிஜன் குமிழியாக மேலே எழுந்தது. காட்சி ஒன்று, அதற்குக் கூறிய காரணம் வேறொன்று. இவ்வேறுபாட்டை நாம் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

இல்லாததைத் தேடிய ஆண்டுகள்

பெயர் நிலைத்துவிட்டது. பெயரிலேயே 'ஆக்சி' என்று இருந்ததால், அவ்வாயுவில் ஆக்சிஜன் உண்டு என்பதை எவரும் ஐயுறவில்லை. அதனை எவ்வாறு வெளியே எடுப்பது என்பதே ஆராய்ச்சியாயிற்று.

1809ஆம் ஆண்டில் கே லுசாக், தெனார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இம்முயற்சியில் ஈடுபட்டனர். பழுக்கக் காய்ச்சிய கரியின்மீது அவ்வாயுவைச் செலுத்தினர். ஆக்சிஜன் இருந்தால் கரி அதனைக் கவர்ந்து கரிவாயுவாக மாறும் அன்றோ? கரியோ அவ்வாறு மாறவில்லை. வாயு சென்றவாறே வெளிவந்தது. 'இது ஒரு தனிமமாகவும் இருக்கக்கூடும்' என்பதை அவர்கள் குறிப்பிட்டனர். எனினும் பழைய கருத்தையே மேலானதாகக் கொண்டனர். உண்மையின் வாயிலில் நின்று திரும்பினர் எனலாம்.

அறிவிற் சிறந்த அவர்களைத் தடுத்தது எது? லவாய்சியர்மீது அவர்கள் கொண்ட மதிப்பு ஒரு புறம். வாயுவின் பெயர் மற்றொரு புறம். ஒரு பொருளை நாள்தோறும் ஒரு பெயரால் அழைத்து வந்தால், அப்பெயர் கூறுவதே உண்மை என்று மனம் பழகிவிடுகிறது.

டேவி சூட்டிய பெயர்

இங்கிலாந்து நாட்டில் ஹம்பிரி டேவி என்னும் இளம் அறிஞர் புகழ்பெற்று விளங்கினார். 1778ஆம் ஆண்டு பிறந்த அவரும், ஷீலேயைப் போலவே, இளமையில் மருந்து செய்பவரிடம் தொழில் பயின்றவர். 1807ஆம் ஆண்டில் மின்சாரத்தின் துணையால் பொட்டாசியம், சோடியம் ஆகிய இரு உலோகங்களைப் பிரித்துக் காட்டிப் பெரும்புகழ் எய்தினார்.

டேவியும் ஆக்சிமியூரியாட்டிக் வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க முயன்றார். மின்கலங்களைக் கொண்டு கரியை வெண்ணிறமாக ஒளிரும் வரை சூடேற்றி அவ்வாயுவினுள் வைத்தார். ஆக்சிஜன் தோன்றவில்லை. வேறு பல பொருள்களோடு சேர்த்துப் பார்த்தார். ஆக்சிஜன் தோன்றவில்லை. பிறர் 'இன்னும் முயல வேண்டும்' என்று எண்ணிய இடத்தில் டேவி நின்று சிந்தித்தார். எத்தனை முறை தேடியும் கிடைக்காத பொருளை உண்டு என்று ஏன் கொள்ள வேண்டும்? பிரிக்க இயலாத வாயு, தனிமம் என்றே கொள்ளத்தக்கது என்னும் முடிவிற்கு வந்தார். மியூரியாட்டிக் அமிலம் என்பது ஹைட்ரஜனும் இவ்வாயுவும் கூடியது. அதில் ஆக்சிஜன் இல்லை என்பதும் இதனால் விளங்கிற்று.

1810ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் அரச கழகத்தின் முன் படிக்கப்பட்ட கட்டுரையில் டேவி இவ்வாயுவிற்குப் புதிய பெயர் ஒன்றை முன்மொழிந்தார். அதுவே குளோரின்.

அப்பெயரை அவர் தேர்ந்த முறை நம் கருத்தில் கொள்ளத்தக்கது. ஆக்சிஜன் இல்லாத பொருளை ஆக்சிமியூரியாட்டிக் என்று அழைப்பது முறையன்று என்றார் அவர். எனவே எந்தக் கருத்தையும் சாராமல், வாயுவின் வெளிப்படையான பண்பாகிய நிறத்தை மட்டுமே பெயராக்கினார். பிற்காலத்தில் எவரேனும் இதனைக் கூட்டுப்பொருள் என்று மெய்ப்பித்தாலும் இப்பெயரில் பிழை நேராது. மாற்ற வேண்டிய தேவையும் எழாது என்று காரணமும் கூறினார். தம் முடிவில் உறுதியுடைய ஒருவர், அம்முடிவு தவறாகப் போனாலும் பிழைபடாத பெயரைத் தேர்ந்தது அவரது அடக்கத்தைக் காட்டுகிறது.

பசுமையும் மஞ்சளும்

கிரேக்க மொழியில் 'குளோரோஸ்' என்னும் சொல் வெளிறிய பச்சையைக் குறிக்கும். மஞ்சள் கலந்த பச்சையையும் குறிக்கும். இளந்தளிரைக் குறிக்கும் 'குளோயே' என்னும் சொல்லோடு அது உறவுடையது. கிரேக்கப் பெரும்புலவர் ஹோமர் தேனின் நிறத்திற்கும் இச்சொல்லை ஆண்டுள்ளார். புத்தம் புதிது என்னும் பொருளும், அச்சத்தால் முகம் வெளிறுதல் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு.

ஒரே சொல் பச்சைக்கும் மஞ்சளுக்கும் எவ்வாறு பொருந்தும் என்று ஐயுற வேண்டா. நம் தமிழையே நோக்குவோம். பசுமை என்றால் பச்சை நிறம். அச்சொல்லே 'பசும்பொன்' என்னும்போது பொன்னின் மஞ்சளைச் சிறப்பிக்கிறது. பிரிவுத் துயரால் மேனியில் படரும் வெளிறிய நிறத்தைச் சங்கப் புலவர்கள் 'பசலை' என்றனர். புதிதாய்ப் பிறந்த மகவைப் 'பச்சிளங்குழந்தை' என்கின்றோம். பச்சை, மஞ்சள், வெளிறல், புதுமை ஆகிய நான்கையும் கிரேக்கச் சொல் தன்னுள் அடக்கியிருப்பது போலவே நம் சொல்லும் அடக்கியுள்ளது. எனவே குளோரின் என்னும் பெயரைத் தமிழில் விளக்க வேண்டுமாயின், 'பசுமஞ்சள் நிறமுடையது' என்று கூறலாம். பறவை, வளையல் போல் இதுவும் ஒரு காரணப்பெயரே.

பெயர் வென்ற விதம்

டேவியின் கருத்தை எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்சீலியஸ் பல ஆண்டுகள் அதனை மறுத்து வந்தார். ஆனால் 1811ஆம் ஆண்டில் கூர்த்துவா என்பவர் கடற்பாசியின் சாம்பலிலிருந்து புதிய பொருள் ஒன்றைக் கண்டெடுத்தார். அது குளோரினைப் போன்றே நடந்துகொண்டது. அதுவும் தனிமம் என்பது தெளிவாகவே, டேவியின் கருத்து வலுப்பெற்றது. இறுதியில் பெர்சீலியசும் இணங்கினார். அவரிடம் பயின்ற வோலர் என்னும் செருமானிய அறிஞர் தம் நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி கூறியுள்ளார். பெர்சீலியசின் வீட்டுப் பணிப்பெண் ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, அதில் ஆக்சிமியூரியாட்டிக் அமிலத்தின் நெடி வீசுவதாகக் கூறினார். பெர்சீலியஸ் அவரைத் திருத்தி, இனிக் குளோரின் என்றே சொல்ல வேண்டும் என்றாராம். தாம் நெடுநாள் மறுத்த பெயரைத் தம் இல்லத்தாருக்கே கற்பித்த அவரது நேர்மை போற்றத்தக்கது.

உறவுப் பெயர்கள்

குளோரினை ஒத்த தனிமங்களின் பெயர்களையும் இங்கு அறிந்துகொள்வது நலம். கடற்பாசிச் சாம்பலிலிருந்து வந்த பொருளைச் சூடேற்றினால் ஊதா நிற ஆவி எழும். கிரேக்க மொழியில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு அயோடின் என்று பெயர் வந்தது. நம் காயத்திற்கு இடும் அயோடின் மருந்து அதிலிருந்து செய்வதே. 1826ஆம் ஆண்டில் பலார் என்பவர் கண்ட தனிமம் கடுநாற்றம் உடையது. ஆதலின் நாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அது புரோமின் எனப் பெற்றது. ஒன்றைக் கண்ணும் மற்றொன்றை மூக்கும் பெயரிட்டன எனலாம்.

இத்தனிமங்கள் உலோகங்களோடு கூடி உப்புகளைத் தருகின்றன. ஆகவே இக்குடும்பத்திற்கு 'ஹாலஜன்' என்று பெயர். 'ஹால்ஸ்' என்றால் உப்பு. 'ஜென்' என்றால் தோற்றுவித்தல். எனவே ஹாலஜன் என்பது 'உப்பாக்கி'. இச்சொல்லை 1811ஆம் ஆண்டில் சுவைகர் என்னும் செருமானியர் குளோரினுக்கு மாற்றுப் பெயராகக் கூறினார். அப்போது அது எடுபடவில்லை. பின்னர் பெர்சீலியஸ் அதனைக் குடும்பப் பெயராக்கினார்.

மியூரியாட்டிக் அமிலமும் பெயர் மாறிற்று. ஹைட்ரஜனும் குளோரினும் கூடியதாகையால் 'ஹைட்ரோகுளோரிக் அமிலம்' ஆயிற்று. நாம் உண்ணும் உணவைச் செரிக்கச் செய்ய நம் இரைப்பையிலும் இவ்வமிலம் சுரக்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இலைகளின் பச்சை நிறத்திற்குக் காரணமான பச்சையத்தை 'குளோரோபில்' என்பர். 1817ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இட்ட பெயர் அது. 'பில்லோன்' என்றால் இலை. இப்பெயரின் தொடக்கத்தைக் கண்டு பச்சையத்தில் குளோரின் இருக்கிறது என்று சிலர் எண்ணுவதுண்டு. பச்சையத்தில் குளோரின் சிறிதும் இல்லை. அங்குக் 'குளோரோ' என்பது நிறத்தை மட்டுமே சுட்டுகிறது. 'குளோரோபார்ம்' என்னும் மயக்க மருந்தின் பெயரிலோ அதே எழுத்துகள் குளோரின் என்னும் தனிமத்தைச் சுட்டுகின்றன. ஒரே வேர் இரு பொருள் தருவதை அறியாவிடில் பெயரே நம்மை ஏமாற்றிவிடும்.

நம் அண்டை வீட்டார் மொழியில்

நம்மோடு வாழும் சீன மக்களின் மொழியில் குளோரினைக் குறிக்க ஒரு தனி எழுத்து உண்டு. அதில் வாயுவைக் குறிக்கும் உறுப்பும், பச்சை நிறத்தைக் குறிக்கும் எழுத்தின் ஒரு பகுதியும் சேர்ந்திருக்கின்றன. 'பச்சை வாயு' என்னும் கருத்தை அவ்வெழுத்தே காட்டிவிடுகிறது. டேவி கண்ட நிறத்தையே அவர்களும் பெயராகக் கொண்டனர்.

ஆக்சிஜனுக்கு அவர்கள் வழங்கும் எழுத்தோ 'வளர்த்தல், ஊட்டுதல்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் 'உயிர்வளி' என்கின்றோம். அமிலம் உண்டாக்குவது என்னும் பழைய பிழை இவ்விரு மொழிகளின் பெயர்களிலும் இல்லை. உயிரைக் காப்பது என்னும் உண்மையே இருக்கிறது. ஆக்சிஜன் என்னும் பெயரின் காரணம் பொய்த்துப்போன பின்னும் உலகம் அதனை விடவில்லை; இன்று அது ஓர் இடுகுறிப்பெயர் போலவே வழங்குகிறது. நம் மொழிப் பெயரின் சிறப்பை இதனால் உணரலாம்.

பயனும் தீங்கும்

குளோரினின் வெளுக்கும் தன்மையைத் துணித்தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் பெர்த்தொலேயே. அதற்கு முன் ஐரோப்பாவில் துணிகளைப் புல்வெளிகளில் விரித்துப் பல வாரங்கள் வெயிலில் காய வைத்தனர். 1799ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டவரான சார்லஸ் தெனந்து வெளுப்புத்தூளுக்கு உரிமம் பெற்றார். 1847ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் செம்மல்வைஸ், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும் என்று விதித்தார். அதனால் அவரது மருத்துவமனையில் தாய்மார் இறப்பது பெரிதும் குறைந்தது. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் இடைவிடாது குளோரின் மருந்து சேர்க்கத் தொடங்கியது. பிற நகரங்களும் பின்பற்றின. நீரினால் பரவும் டைபாய்டு, வாந்திபேதி முதலிய நோய்கள் அடங்கின. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழாய் நீர் இம்முறையில் தூய்மை செய்யப்பட்டே நம் இல்லங்களுக்கு வருகிறது.

இதே வாயு 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜிய நாட்டின் ஈப்பர் போர்க்களத்தில் வீரர்களைக் கொல்லவும் ஏவப்பட்டது. நன்மையும் தீமையும் பொருளில் இல்லை. அதனை ஆளும் மனிதனிடமே உள்ளன.

நம் வீட்டிலும் விழிப்பு வேண்டும். வெளுப்பு நீரையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது. கலந்தால் ஷீலே கண்ட அதே பசுமஞ்சள் வாயு எழுந்து நுரையீரலைப் புண்படுத்தும். இரண்டும் தூய்மை செய்வன தாமே, சேர்த்தால் இன்னும் நன்றாய் இருக்கும் என்று எண்ணுவது பெருந்தவறு. தூய்மைப் பணி செய்யும் பெரியோர்க்கும் இதனை நாம் எடுத்துரைக்க வேண்டும்.

நாம் கற்கும் பாடம்

ஒரு வாயு மூன்று பெயர்களைப் பெற்றது. முதற்பெயர் புளோஜிஸ்டனை நம்பியது, அது மறைந்தது. இரண்டாம் பெயர் லவாய்சியரின் கருத்தை நம்பியது, அதுவும் மறைந்தது. மூன்றாம் பெயர் கண் கண்ட நிறத்தை நம்பியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. கருத்துகள் மாறலாம், உள்ளவாறு கண்ட காட்சி மாறுவதில்லை.

இதனால் கருத்துகளே வேண்டா என்பது பொருளன்று. கருத்து இன்றி அறிவியல் வளராது. எனினும், 'இது நாம் கண்டது, இது நாம் எண்ணுவது' என்று பிரித்தறியும் பழக்கம் நமக்கு வேண்டும். அறிவியல் சோதனையைக் குறிப்பேட்டில் எழுதும்போது இப்பழக்கத்தைக் கைக்கொள்வோம். மனிதரைப் பற்றிப் பேசும்போதும் கைக்கொள்வோம். ஒரு மாணவனைக் கண்டு 'மந்தன்' என்றும் 'முரடன்' என்றும் பெயர் சூட்டிவிட்டால், பிறகு அப்பெயரையே நாம் காண்கின்றோம், அவனைக் காண்பதில்லை.

ஆகவே, மாணவச் செல்வங்களே! புதிய சொல் ஒன்றைக் கற்கும்போது அதனை ஒப்பிப்பதோடு நில்லாதீர். அது இடுகுறியா, காரணமா என்று கேளுங்கள். காரணப்பெயராயின் அக்காரணம் யாது என்று ஆசிரியரிடமும் அகராதியிலும் தேடுங்கள். அக்காரணம் மெய்தானா என்றும் ஆராயுங்கள். அவ்வாறு கற்ற சொல் மறவாது, அறிவும் பெருகும்.